மெட்டு ஏறுவோம்

(அலிபிரி வளர்கல்வி மையத்தில் எழுத்தறிவுத் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப் போவது கிடாரைப் பற்றி. செல்போனைப் பற்றியும் பேசப் போகிறோம். செல்போனின் உதவியோடு கிடார் கற்பது எப்படி என்று பார்ப்போம்.

"நாங்கள் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறோம். எங்களுக்கு எதற்குக் கிடார்?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்களே! "அம்மா, கிடார் வேண்டும்" என்கிறார்கள். "போனிலேயே கற்றுக் கொள்ளலாம்" என்கிறார்கள். அது உண்மையா? எவ்வளவு செலவாகும்? ஏமாற்று உண்டா? பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தானே. விஷயம் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

ஒரு சொல்லில் இருந்து தொடங்குவோம். 'மெட்டு' என்ற சொல் உங்களுக்குத் தெரியும். தெலுங்கில் மெட்டு என்றால் படிக்கட்டு. அலிபிரியில் இருந்து திருமலைக்கு 3,550 மெட்டுகள் என்று சொல்கிறோம். தமிழில் மெட்டு என்றால் பாட்டின் மெட்டு. வீணை வாசிப்பவர்களைக் கேளுங்கள். வீணையின் மேல் குறுக்கே பதித்த பித்தளைக் கட்டைகளை அவர்கள் மெட்டு என்கிறார்கள். அதே மெட்டுதான் கிடாரிலும் இருக்கிறது. கிடார்காரர்கள் அதை 'ஃப்ரெட்' என்கிறார்கள். நாம் மெட்டு என்றே சொல்வோம்.

ஆறு தந்திகள்

கிடாருக்கு ஆறு தந்திகள். மேலே இருப்பது தடிமனானது. கீழே போகப் போகத் தந்தி மெல்லிதாகும். தடித்த தந்தி மெதுவாக அதிரும். அதன் ஒலி கனமாக இருக்கும். மெல்லிய தந்தி வேகமாக அதிரும். அதன் ஒலி கீச்சென்று இருக்கும்.

எவ்வளவு வேகம்? தடித்த தந்தி ஒரு விநாடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. மெல்லிய தந்தி சுமார் 330 முறை அதிர்கிறது. கண்ணால் எண்ண முடியாது. ஆனால் செல்போன் எண்ணும்!

எப்படி என்கிறீர்களா? செல்போனில் மைக் இருக்கிறது. நாம் பேசுவதை அது கேட்கிறது. கிடார் ஒலியையும் கேட்கும். சுதி சேர்க்கும் ஆப்கள் இருக்கின்றன. அவை அந்த ஒலியில் எத்தனை அதிர்வு என்று கணக்கிடும். திரையில் ஒரு முள் தெரியும். தராசு முள் மாதிரி. சுதி குறைவாக இருந்தால் முள் இடது பக்கம் சாயும். கூடுதலாக இருந்தால் வலது பக்கம் சாயும். சரியாக இருந்தால் நடுவில் நிற்கும். பச்சை நிறம் காட்டும்.

கிடாரின் தலைப் பக்கம் ஆறு திருகுகள் இருக்கும். முள்ளைப் பார்த்துக் கொண்டே திருக வேண்டும். மெதுவாகத் திருக வேண்டும். அதிகம் முறுக்கினால் தந்தி அறுந்து போகும்.

முன்பெல்லாம் சுதி சேர்ப்பது பெரிய வித்தை. காது நன்றாகப் பழக வேண்டும். அதற்கே பல மாதம் ஆகும். இன்று முதல் நாளே சுதி சேர்ந்த கிடாரை வாசிக்கலாம். தொடக்கத்தில் போன் செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான். இதற்குப் பணம் கேட்காத ஆப்கள் பல உண்டு.

ஏழு எழுத்துகள் போதும்

ஆப் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். சுரங்களின் பெயருக்கு ஏழே ஏழு ஆங்கில எழுத்துகள்தான். ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி. அவ்வளவுதான். தமிழில் 247 எழுத்துகளைக் கற்றவர்கள் நீங்கள். ஏழு எழுத்துகள் உங்களுக்குப் பெரிதா?

ஆறு தந்திகளுக்கும் இந்த எழுத்துகளே பெயர். தடித்த தந்தியில் இருந்து வரிசையாகச் சொன்னால் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. முதலும் கடைசியும் ஒரே எழுத்து. இதை ஒரு தாளில் எழுதிக் கிடார் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

கோலம் போட்டவருக்கு இது எளிது

அடுத்தது 'கார்டு'. இது ஏ.டி.எம். கார்டு அல்ல, ரேஷன் கார்டும் அல்ல! மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்தால் அதற்குக் கார்டு என்று பெயர். ஸ, க, ப என்ற மூன்று சுரங்களும் சேர்ந்து ஒலித்தால் ஒரு கார்டு. சினிமாப் பாட்டில் பாடகர் பாடுவார். பின்னால் கிடார் "ஜங்... ஜங்..." என்று ஒலிக்கும். அது பெரும்பாலும் கார்டுதான்.

ஆப் கார்டைப் படமாகக் காட்டும். அந்தப் படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். இதுவும் ஒரு எழுத்தறிவுதான்.

படத்தில் மேலிருந்து கீழாக ஆறு கோடுகள் இருக்கும். அவை ஆறு தந்திகள். இடது ஓரக் கோடு தடித்த தந்தி. குறுக்கே சில கோடுகள் இருக்கும். அவை மெட்டுகள். கட்டங்களுக்குள் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். விரலை வைக்க வேண்டிய இடம் அது. புள்ளியில் எண் இருந்தால் அது விரலின் எண். 1 என்றால் ஆள்காட்டி விரல். 2 நடுவிரல். 3 மோதிர விரல். 4 சுண்டு விரல்.

மேலே சிறு வட்டம் இருந்தால் அந்தத் தந்தியை விரல் வைக்காமல் மீட்ட வேண்டும். பெருக்கல் குறி இருந்தால் அந்தத் தந்தியைத் தொடவே கூடாது.

கோடும் புள்ளியும் யாருக்குப் புதிது? தினமும் வாசலில் புள்ளிக் கோலம் போடும் அக்காமார்களே! நீங்கள் ஒரு முறை பார்த்தால் போதும். படம் மனத்தில் நிற்கும்.

முதலில் எந்தக் கார்டு கற்கலாம்? 'ஈ மைனர்' என்ற கார்டு எளிது. இரண்டே விரல்கள். ஐந்தாவது தந்தியில் இரண்டாம் மெட்டுக்குச் சற்று முன்னால் நடுவிரல். நான்காவது தந்தியில் அதே இடத்தில் மோதிர விரல். மெல்லிய தந்தியைத்தான் முதல் தந்தி என்று எண்ணுவார்கள். இதை மறக்க வேண்டாம். இரண்டு விரல்களையும் அழுத்திக் கொண்டு ஆறு தந்திகளையும் மேலிருந்து கீழாக மீட்டுங்கள். கார்டு பிறந்து விட்டது!

விரல் வலிக்கும். முதல் சில வாரம் வலிக்கத்தான் செய்யும். பிறகு விரல் நுனி காய்த்துப் போகும். மண்வெட்டி பிடித்த கைக்கு இது தெரியாதா?

ஸ்கேல் என்பது நம் சுரவரிசை

'ஸ்கேல்' என்று ஒரு சொல் வரும். கோடு போடும் ஸ்கேல் அல்ல. சுரங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும் வரிசைக்கு அந்தப் பெயர். நம் ஆரோகணம், அவரோகணம் மாதிரி.

ஒரே தந்தியில் இதைச் செய்து பார்க்கலாம். தந்தியை விரல் வைக்காமல் மீட்டுங்கள். அது ஸ. பிறகு 2ஆம் மெட்டு ரி. 4ஆம் மெட்டு க. 5ஆம் மெட்டு ம. 7ஆம் மெட்டு ப. 9ஆம் மெட்டு த. 11ஆம் மெட்டு நி. 12ஆம் மெட்டு மேல் ஸ.

ஆப் இதை 'மேஜர் ஸ்கேல்' என்று சொல்லும். நம் சங்கீதத்தில் இந்தச் சுரங்கள் சங்கராபரண ராகத்தின் சுரங்கள். வேறு வேறு தேசத்தில் பிறந்த இரண்டு இசையும் ஒரே மெட்டுகளில் கால் வைக்கின்றன!

இன்னொன்று பாருங்கள். 1, 4, 5, 7, 8, 11, 12 என்ற மெட்டுகளில் விரல் வையுங்கள். இது மாயாமாளவகௌளை. கர்நாடக சங்கீதம் கற்கும் குழந்தைகள் முதலில் பாடுவது இந்த ராகத்தில்தான்.

ஒரு சோதனையும் செய்யலாம். ஒரு நூலை எடுங்கள். கிடார் தந்தியின் நீளத்தை அளந்து பாருங்கள். நூலை இரண்டாக மடியுங்கள். பாதி நீளம் எங்கே வருகிறது? 12ஆம் மெட்டுக்கு நேராக வரும். தந்தி பாதியானால் அதிர்வு இரண்டு மடங்கு ஆகும். மேல் ஸ பிறக்கும். இசைக்குள் கணக்கு இருக்கிறது.

வெளியில் இருந்து வந்த கருவிகள்

"கிடார் வெள்ளைக்காரன் வாத்தியம். நமக்கு ஏன்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கு என் பதில் இது.

இன்று கர்நாடகக் கச்சேரியில் வயலின் இல்லாமல் பாட்டு உண்டா? அதுவும் வெளியில் இருந்து வந்ததுதான். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கற்றார். சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் கற்றார். அவருடைய அண்ணன்தான் முத்துஸ்வாமி தீட்சிதர். அந்த அண்ணன் வெள்ளைக்காரர்களின் பேண்டு இசையைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். அவற்றுக்கு நோட்டுஸ்வரம் என்று பெயர்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நம் ஆந்திராக்காரர். 1969இல் பாலகொல்லுவில் பிறந்தார். மாண்டலினும் வெளியூர்க் கருவிதான். சிறுவனாக இருக்கும்போதே அதில் ராகங்களை வாசித்து எல்லோரையும் வியக்க வைத்தார். 2014இல் மறைந்தார்.

இளையராஜாவை எல்லோருக்கும் தெரியும். 1943இல் பண்ணைப்புரம் என்ற கிராமத்தில் பிறந்தார். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். பிறகு சென்னைக்கு வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையைக் கற்றார். இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். லண்டன் டிரினிடி கல்லூரியின் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். கிராமத்துப் பாட்டையும் கிடாரையும் சேர்த்து நமக்குக் கொடுத்தார்.

இவர்கள் யாரும் "இது நம்முடையது அல்ல" என்று ஒதுங்கவில்லை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அங்கே எழுத்துக் கற்ற பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள்! ஊரில் சிலர் கேலி செய்தார்கள். பெண்கள் நிறுத்தவில்லை. தண்ணீருக்கும் வேலைக்கும் சைக்கிளில் போனார்கள். புதிய கருவி ஒன்று கைக்கு வந்தால் தைரியமும் வரும்.

'ஏழு நாள் இலவசம்'

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். கவனமாகக் கேளுங்கள்.

ஆப் வேறு, ஆப்பு வேறு. ஆனால் படித்துப் பார்க்காமல் தொட்டால் ஆப்பே ஆப்பாகி விடும்!

நம் மையத்துக்கு வரும் அக்கா ஒருவர் மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரம் விற்கிறார். அவருடைய மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். யாரோ கொடுத்த பழைய கிடார் ஒன்று அவனிடம் இருந்தது. கிடார் கற்றுத் தரும் ஆப் ஒன்றை அம்மாவின் போனில் இறக்கினான். அந்த ஆப்பின் பெயர் இங்கே வேண்டாம். 'ஏழு நாள் இலவசம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் வேறு ஒன்று இருந்தது. ஏழு நாள் முடிந்ததும் ஒரு வருடத்துப் பணம் தானாக எடுக்கப்படும் என்று இருந்தது. பையன் அதைப் படிக்கவில்லை. 'சரி' என்ற பொத்தானைத் தொட்டு விட்டான்.

பணம் எடுப்பதற்கு முந்தைய நாள் போனுக்குச் செய்தி வந்தது. வீட்டில் யாரும் திறந்து பார்க்கவில்லை. மறுநாள் 1,499 ரூபாய் போய் விட்டது. அது தேங்காய் வாங்க வைத்திருந்த முதல். அக்கா அன்று கடை போடவில்லை. கிடார் பரண் மேல் ஏறி விட்டது.

இரண்டு நாள் கழித்து அக்கா போனோடு மையத்துக்கு வந்தார். "இதில் என்ன எழுதியிருக்கிறது, நீ படிக்காதே. நானே படிக்கிறேன். தப்பு வந்தால் மட்டும் சொல்லு" என்றார். எண்ணை முதலில் படித்தார். தேதியைப் படித்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். அரை மணி நேரம் ஆனது. அடுத்த வருடமும் பணம் போகும் என்று அவரே கண்டுபிடித்தார். அவர் கையாலேயே அதை நிறுத்தினார்.

போன பணம் திரும்பி வரவில்லை. "பணம் கட்டியாகி விட்டது. ஒரு வருடம் ஒழுங்காகக் கற்றுக் கொள்" என்று மகனிடம் சொன்னார். கிடார் கீழே இறங்கியது. இப்போது அந்த வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. பணம் சம்பந்தப்பட்ட எந்தப் பொத்தானையும் அம்மா படித்த பிறகுதான் தொட வேண்டும். முன்பு அந்த வீட்டில் எல்லாக் காகிதத்தையும் மகன்தான் படிப்பான். இன்று அம்மா படிக்கிறார்.

அவரைப் பார்த்து நாம் கற்க வேண்டியவை இவை:

ஒன்று. 'இலவசம்' என்ற சொல்லைப் பார்த்தால் அதன் கீழே உள்ள சிறிய எழுத்தையும் படியுங்கள். ஆங்கிலமாக இருந்தால் கூகுள் லென்ஸ் அதைத் தமிழில் காட்டும்.

இரண்டு. தானாகப் பணம் எடுப்பதற்கு 'ஆட்டோபே' என்று பெயர். நீங்கள் பணம் அனுப்பும் ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதி இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேண்டாததை அங்கேயே நிறுத்தலாம்.

மூன்று. ஆப்பைப் போனில் இருந்து நீக்கினால் மட்டும் போதாது. பணம் எடுப்பது நிற்காது. பிளே ஸ்டோரில் 'சப்ஸ்கிரிப்ஷன்' என்ற இடத்துக்குப் போய் அதை ரத்து செய்ய வேண்டும்.

நான்கு. ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகச் செய்தி அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே வரும் செய்திகளைத் தினமும் ஒரு முறையாவது பாருங்கள்.

ஐந்து. சுதி சேர்க்கும் ஆப் மைக்கைப் பயன்படுத்த அனுமதி கேட்கும். கொடுக்கலாம். மைக் இல்லாமல் அது கேட்க முடியாது. ஆனால் உங்கள் போனில் உள்ள பெயர்களையும் செய்திகளையும் அது கேட்டால் கொடுக்காதீர்கள். சுதி சேர்க்க அது எதற்கு?

ஆறு. யாராவது ஏமாற்றிப் பணத்தை எடுத்து விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

ஆப் செய்ய முடியாதது

ஆப் பொறுமையானது. நூறு முறை தப்பாக வாசித்தாலும் திட்டாது. இரவு பத்து மணிக்கும் சொல்லித் தரும். சில ஆப்கள் நாம் வாசிப்பதைக் கேட்டு, தாளம் தப்பினால் காட்டும். இதெல்லாம் நல்லதுதான்.

ஆனால் ஆப்புக்குக் காது உண்டு, கண் இல்லை. உங்கள் மணிக்கட்டு வளைந்திருப்பதைப் பெரும்பாலான ஆப்கள் பார்ப்பதில்லை. தவறாகப் பிடித்துப் பழகினால் கை வலிக்கும். பிறகு திருத்துவது கடினம். நம் ராகங்களுக்குக் கமகம் உண்டு. சுரத்தை அசைத்து வாசிக்க வேண்டும். மெட்டின் எண்ணை மட்டும் வைத்து ராகம் வராது. அதற்குக் குரு வேண்டும். நல்ல இசையை நிறையக் கேட்கவும் வேண்டும்.

நம் திருப்பதியில் தேவஸ்தானத்தின் எஸ்.வி. இசை, நடனக் கல்லூரி 1959 முதல் இருக்கிறது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் எல்லாம் அங்கே கற்றுத் தருகிறார்கள். இசையில் ஆசை உள்ள பிள்ளைகளை ஒரு முறை அங்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

தினமும் 15 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வாசிப்பதை விட இது நல்லது. மலை ஏறுகிறவர்கள் ஒவ்வொரு மெட்டுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துப் போவதைப் பார்த்திருக்கிறோம். அவர்கள் அவசரப்படுவதில்லை.

எழுதாத மெட்டு

கடைசியாக ஒன்று. அன்னமாச்சாரியார் 1408இல் தாளப்பாக்கத்தில் பிறந்தார். 1503இல் மறைந்தார். வேங்கடவன் மேல் 32,000 பாட்டுகள் பாடினார் என்பார்கள். அவற்றைச் செப்பேடுகளில் வெட்டித் திருமலைக் கோயிலில் ஓர் அறையில் வைத்தார்கள். பல காலம் அவை அங்கேயே கிடந்தன. 20ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் அவற்றைப் படித்து அச்சிட்டார்கள். 12,000க்கும் மேற்பட்ட பாட்டுகள் நமக்குக் கிடைத்தன.

செப்பேட்டில் பாட்டின் சொற்கள் இருந்தன. ராகத்தின் பெயரும் இருந்தது. ஆனால் அவர் எப்படிப் பாடினார் என்ற சுரக் குறிப்பு இல்லை. ஆகவே பெரும்பாலான பாட்டுகளின் பழைய மெட்டு நமக்குத் தெரியாது. நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி, கரிமெல்ல பாலகிருஷ்ண பிரசாத் போன்றவர்கள் பிற்காலத்தில் புதிதாக மெட்டுப் போட்டார்கள். அவற்றைத்தான் இன்று கேட்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். எழுதிய சொல் ஐந்நூறு வருடம் நின்றது. எழுதாத மெட்டு காற்றோடு போனது.

நம் வீட்டுப் பாட்டிகள் நாற்று நடும்போது பாடிய பாட்டுகள் எங்கே? தாலாட்டு எங்கே? நலுங்குப் பாட்டு எங்கே? அவையும் எழுதப்படவில்லை. பாட்டியோடு அவையும் போகின்றன.

இப்போது நம் கையில் போன் இருக்கிறது. பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சொற்களை நோட்டில் நீங்களே எழுதுங்கள். கிடார் கற்கும் பிள்ளையிடம் கொடுங்கள். எந்த மெட்டில் விரல் வைத்தால் அந்தப் பாட்டு வருகிறது என்று அவன் கண்டுபிடிக்கட்டும். எண்களைச் சொற்களுக்கு மேலே எழுதட்டும். அது உங்கள் வீட்டுச் செப்பேடு.

அடுத்த வாரம் வரும்போது ஆளுக்கு ஒரு பாட்டு எழுதிக் கொண்டு வாருங்கள். நான்கு வரி போதும். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. சேர்ந்து திருத்திக் கொள்வோம்.



பேசிப் பார்ப்போம்

1. 'மெட்டு' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்கள்? அவை யாவை?
2. சுதி குறைவாக இருந்தால் ஆப்பில் முள் எந்தப் பக்கம் சாயும்?
3. தேங்காய் விற்கும் அக்காவின் பணம் ஏன் போனது? அதை எப்போது தடுத்திருக்கலாம்?
4. உங்கள் போனில் ஆட்டோபே இருக்கிறதா? இன்றே பார்த்துச் சொல்லுங்கள்.
5. உங்கள் வீட்டில் பெரியவர்கள் பாடும் பாட்டு ஒன்றை எழுதுங்கள்.